சாக்கடை என்ற சொல்லை மூடாதவருக்கு

பாதாளச் சாக்கடைப் பிரிவின் மேற்பார்வையாளரே! மண்ணுக்கடியில் கசிவதை மண்ணுக்கு மேலே நின்று கண்டறிந்தவரே! மூடியைத் திறக்கையில் முகம் சுளிக்காத எங்கள் மூத்தவரே, செங்கோட்டையன் அவர்களே, வணக்கம்!

நேற்று தங்கள் மச்சான் ராசப்பன் வந்து, இந்தப் பாராட்டு மடலில் ‘சாக்கடை’ என்ற சொல் வேண்டாம், ‘அதிகாரி’ என்று மட்டும் எழுதினால் குடும்ப கௌரவத்துக்கு நல்லது என்றார். மாட்டோம் என்றோம். காரணத்தைச் சபையோர் கேட்கட்டும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் கணபதியில் நாச்சியம்மாள் வீட்டுக் கிணறு நாறியது. நாங்கள் பதித்த தெருச் சாக்கடைக் குழாய்தான் ஒழுகுகிறது என்று ஊரே ஏசியது. செங்கோட்டையன் பச்சைச் சாயப்பொடியைக் கரைத்துத் தெருக்குழாயில் விட்டார். கிணற்றில் நிறம் மாறவில்லை. பிறகு ஒவ்வொரு வீட்டு இணைப்பிலும் ஊற்றிப் பார்த்தார். ராசப்பன் வீட்டில் ஊற்றியபோதுதான் கிணறு பச்சையானது.

அந்த வீட்டில் கல்யாணம் நெருங்கியிருந்தது. வாசலுக்குப் புதுத் தளம் போட்டவர்கள், சாக்கடைத் தொட்டியின் மூடி சம்பந்தி கண்ணில் படக்கூடாதென்று அதையும் சேர்த்துப் பூசிவிட்டிருந்தார்கள். அடைப்பெடுக்க வழியின்றிக் கழிவு தேங்கி, பழைய குழாயின் இணைப்பு விட்டுப்போயிருந்தது.

“மாப்ளே, தெருக்கொழாய்தான்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. நம்ம மானம் போயிருமுங்க,” என்று கையைப் பிடித்தார் ராசப்பன்.

மனைவி பிறந்த வீடு, பந்தல்காலும் நட்டாயிற்று. செங்கோட்டையன் பந்தல்காலை ஒருமுறை பார்த்தார். கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

“நம்மூட்டுக் கழிவப் பக்கத்தூட்டுல குடிக்கறாங்களே மச்சான், இப்ப மட்டும் மானம் எங்கீங்க இருக்குது? ஏனுங்க சத்தியசீலன், கடப்பாரையப் போடுங்க!” என்று எங்கள் பக்கம் திரும்பினார்.

தளம் உடையும் சத்தம் கேட்டு நாச்சியம்மாள் வேலியோரம் வந்தார். “பந்தலுக்குக் குழி தோண்டறீங்களாக்கு?”

“இல்லீங்க அக்கா. எங்க மச்சான் ஊட்டுச் சாக்கடைங்க. உங்க கெணத்தக் கெடுத்தது இதுதானுங்க,” என்றார், தெருவே கேட்கும்படி.

அந்தக் கல்யாணத்துக்கு அவருக்குப் பத்திரிகை வரவில்லை. முகூர்த்த வேளையில் அடுத்த தெருப் பள்ளத்தில், நாதஸ்வரம் காதில் விழ, எங்களோடு நின்று குழாய் இணைத்துக்கொண்டிருந்தார். எங்கள் பிரிவும் ஒரு குடும்பம்தான். அதன் கௌரவம் அன்று அந்தப் பள்ளத்தில் நிமிர்ந்து நின்றது.

ஐயா! தாங்கள் உடல்நலமும் உள்ள உறுதியும் குன்றாமல் நூறாண்டு வாழ்க! இம்மடலைச் சட்டமிட்டுத் தருகிறோம். உள்ளறையில் வேண்டாம், வாசலுக்கு நேரே மாட்டுங்கள். முதல் வரியில் அந்தச் சொல்லைக் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறோம். பார்த்து முகம் சுளிக்கும் உறவினருக்குக் காபி கொடுங்கள். அதன்மேல் மாலையைப் போட்டு மட்டும் மறைத்துவிடாதீர்கள்.

என்றும் தங்கள் பக்கம் நிற்கும்
பாதாளச் சாக்கடைப் பிரிவுப் பணியாளர்கள்
அவர்கள் சார்பில், மூத்த பணியாளர் சத்தியசீலன்
கோயம்புத்தூர், 1998