சாக்பீஸின் வால்

இது மசி இல்லை, ஐயா. சாயம். நகக்கண்ணில் ஏறிவிட்டால் நான்கு நாளைக்குப் போகாது. கையெழுத்துப் போடும்போது தாளில் படாமல் பார்த்துக்கொள்கிறேன்.

டாக்டரம்மாவின் லைசென்ஸை ரத்து செய்யலாமா வேண்டாமா என்று நீங்கள் மூன்று பேரும் இன்று முடிவெடுக்கிறீர்கள். அவரோ எல்லாம் தன் தப்புதான் என்று எழுதியே கொடுத்துவிட்டார். அதைக் கேட்டு எனக்கு மனசு ஆறவில்லை. யாரும் கூப்பிடாமலே வந்துவிட்டேன். பதினோரு வருடமாக அவருடைய கால்நடை கிளினிக்கில் நான்தான் உதவியாளன். ஊசிக்கு நாயைப் பிடித்துக்கொள்வது, மருந்து கலப்பது, முடி மழிப்பது எல்லாம் என் வேலை. நான் ஒரு மிருகத்தின் மேல் கை ஓங்கியதாக எவரும் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமையானால் மீன் பிடிக்கப் போவேன். தூண்டில் முள்ளின் கழுத்தில் சின்ன ஈயக்குண்டு இருக்கும். அதன் பின்னால் முடியைக் கொத்தாகக் கட்டினால் அதற்கு ஜிக் என்று பெயர். தண்ணீரில் இழுக்க இழுக்க முடி விரிந்து சுருங்கும். பெரிய மீன் அதைக் குஞ்சு மீன் என்று நம்பி வாயைத் திறக்கும். கடையில் கிடைப்பது நைலான். அது தண்ணீருக்குள் விறைத்துக்கொண்டு வரும், எந்த மீனும் ஏமாறாது. வீட்டுக்காரியின் அண்ணன், என் மச்சான், வாரம் தவறாமல் கூடை நிறையப் பிடிப்பார். பிறகு என் காலிக் கூடையை எட்டிப் பார்த்து, "என்ன மாப்ள, மீனெல்லாம் இன்னிக்கு லீவா?" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். அதுவே போதும்.

கிளினிக்கில் மழித்த முடி குப்பைக்குத்தான் போகும். ஒரு நாள் அதை வீட்டுக்குக் கொண்டுபோனேன். இதில் குற்றம் எதுவும் இல்லை என்று நீங்களே ஒப்புக்கொள்வீர்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்பில் ஊறவைத்து முதலில் எண்ணெய்ப் பசையை எடுக்க வேண்டும். பிறகு வினிகர் கலந்த சாயத் தண்ணீர். கை பொறுக்காத சூடு இருக்கலாம், கொதிக்கக் கூடாது. கொதித்தால் முடி சுருண்டு நாசமாகிவிடும். பால் காய்ச்சும் பாத்திரம்தான் அளவாக இருந்தது. மறுநாள் பால் ரோஸ் நிறத்தில் வந்தது. "உங்களுக்கு மூளை கீளை கழண்டுபோச்சா?" என்று வீட்டுக்காரி கேட்டாள். மாமியார் எதுவும் கேட்கவில்லை. அவருக்கு நல்ல நீளமான, பஞ்சாக வெளுத்த முடி. நான் பார்த்த பார்வையில் என்ன கண்டாரோ, அன்றிலிருந்து தலையில் துண்டு கட்டிக்கொண்டுதான் என் எதிரே வருகிறார்.

வெள்ளை முடிதான் வேண்டும், ஐயா. பழுப்பில் எந்தச் சாயம் போட்டாலும் சேறாகிவிடும். வெள்ளை நாய் வருவதே குறைவு. அதிலும் மழிக்க வேண்டிய நோயோடு வருவது இன்னும் குறைவு. ஆகவே டாக்டரம்மாவுக்குக் கொஞ்சம் யோசனை சொல்லத் தொடங்கினேன். காதுவலி என்றால், கழுத்தைச் சுற்றி மழித்தால் காற்றோட்டமாக இருக்கும் என்பேன். காலை நொண்டினால், தொடையை மழித்தால்தானே வீக்கம் தெரியும். இருமலுக்குக்கூட ஒரு காரணம் கண்டுபிடித்தேன். அவர் என் அனுபவத்துக்கு மரியாதை கொடுப்பவர். நொண்டிக்கொண்டு வந்த பூனை மொட்டையாக நொண்டிக்கொண்டு போகும். அந்த மாதம் மச்சானைவிட இரண்டு மீன் கூடுதலாகப் பிடித்தேன். மனிதர் வீடு போய்ச் சேரும்வரை வாயைத் திறக்கவில்லை.

பிறகுதான் சாக்பீஸ் வந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரின் நாய் அது. அந்த அம்மாவுக்கு வீட்டில் வேறு துணை இல்லை, பேச்செல்லாம் நாயோடுதான். தடுப்பூசிக்காக வந்தார்கள். நாய் கல்லுக்குண்டாக இருந்தது. அதன் வால் ஒரு முழ நீளம், ஒரு கறுப்பு முடி கிடையாது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். நோயில்லாத நாயை மழிக்க முடியாதே. கிளினிக்கின் பின்வேலியில் பூனைக்காலிக் கொடி படர்ந்திருக்கிறது. அதன் காயில் இருக்கும் சுணை பட்டால் நமைச்சல் பிடுங்கித் தின்றுவிடும். அதில் ஒரு சிட்டிகை எடுத்து வாலில் தடவினேன். கையுறை போட்டுக்கொண்டுதான், சுத்தத்தில் நான் கறார். மறுநாளே அந்த அம்மா பதறிக்கொண்டு வந்தார். வாலை மழித்தோம். முடி வளர்ந்து மறுபடி காட்ட வந்ததும் இன்னொரு சிட்டிகை. ஒரே நாய்க்கு வந்தால் சந்தேகம் வரும் என்று காத்திருக்கும் பெஞ்சின் விரிப்பிலும் கொஞ்சம் உதறிவிட்டேன்.

ஊரெல்லாம் சொறிந்தது. டாக்டரம்மா சாப்பாட்டு நேரத்தில்கூடப் புத்தகத்தைப் புரட்டினார், தரையைத் தானே பினாயில் போட்டுக் கழுவினார். "எங்கயோ கோட்டை விட்டுட்டேன், எங்கேன்னுதான் தெரியல" என்று என்னிடம் சொன்னார். பாவமாக இருந்தது. வாளியை நான்தான் தூக்கிக் கொடுத்தேன்.

கத்தரித்த முடியில் ஒரு குறை உண்டு. வாலின் நுனி முடியும் அடி முடியும் கலந்துவிடும். நுனி முடி மெலிது, சின்ன ஜிக்குக்கு ஆகும். அடி முடி பெரியதற்கு. வால் வாலாகவே இருந்தால் வரிசை குலையாது. உப்பில் காயவைத்து, முழுசாகச் சாயத்தில் முக்கினால் ஒரே சீராகப் பிடிக்கும். தொழில் தெரிந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

அதனால் அடுத்த முறை முடி நன்றாக வளரும்வரை பொறுத்திருந்தேன். பிறகு வாலின் அடியில் மட்டும் தோலை லேசாகச் சுரண்டிவிட்டுச் சுணையைத் தேய்த்தேன். மீதியை நாயே கடித்துப் பார்த்துக்கொண்டது. புண் பெரிதாயிற்று. "எலும்பு வரைக்கும் போயிருச்சு டாக்டர், வாலை எடுக்கலேன்னா உடம்பெல்லாம் பரவிரும்" என்றேன்.

அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். முன்பெல்லாம் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். "நெஜமாவா சொல்றீங்க? எனக்கு என் கண்ணு மேலயே நம்பிக்கை போச்சு" என்றார். நான் தலையாட்டினேன். உப்பு டப்பாவைக் காலையிலேயே அலமாரியில் வைத்திருந்தேன்.

தையல் பிரிக்க வந்த அன்று தலைமையாசிரியை சத்தம் போடவில்லை. "நான் வீட்டுக்குள்ள நுழையும்போது வாலப் பாத்துதான் அவன் சந்தோஷமா இருக்கான்னு தெரிஞ்சுக்குவேன் டாக்டர். இனிமே எதப் பாக்கறது?" என்று மட்டும் கேட்டார். டாக்டரம்மா அழுதுவிட்டார். கண்ணைத் துடைக்க நான்தான் பஞ்சு எடுத்துக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் வீட்டில் வாலைச் சாயத்திலிருந்து எடுத்தேன். மஞ்சள். ஒரு இடத்தில்கூடத் திட்டு இல்லை.

அதன்பின் வேறொரு டாக்டர், இந்த வாலை எடுத்திருக்கவே வேண்டாம் என்று சொல்லப்போய், புகார் உங்களிடம் வந்தது. ஆக, டாக்டரம்மா மேல் ஒரு தப்பும் இல்லை. சுணை வைத்தது நான். புண்ணாக்கியது நான். வாலை எடுக்கச் சொன்னதும் நான். வால் என் வீட்டில்தான் இருக்கிறது. சாட்சிக்கு வேண்டுமானால் தருகிறேன், கசக்காமல் திருப்பித் தந்தால் போதும். மனசாட்சி உள்ளவன் என்பதால் மறைக்காமல் சொல்லிவிட்டேன். அவருடைய லைசென்ஸில் மட்டும் கை வைக்காதீர்கள். கிளினிக்கை மூடிவிட்டால் இத்தனை வாயில்லா ஜீவன்களும் எங்கே போகும்?

நடுவில் உட்கார்ந்திருக்கிற அம்மா, உங்கள் நாற்காலிக்கு அடியில் படுத்திருக்கிற அந்த வெள்ளைப் பூனை உங்களுடையதா? அதற்கு இப்போதைக்கு நமைச்சல் எதுவும் இல்லை. ஆரம்பித்தால் தள்ளிப்போடாமல் எங்களிடமே கூட்டிக்கொண்டு வாருங்கள்.