போனவங்களுக்கு முதல் பாட்டு

— ஏன் மேடம், இந்த ஆள் எப்பதான் ஆரம்பிப்பாரு? வந்து உக்காந்ததுலேர்ந்து அந்தத் தோல் வளையத்தையே மேலயும் கீழயும் தள்ளிக்கிட்டு இருக்காரு.

— சுருதி சேர்க்கிறாரு சார். தந்திக்கு ஒரு வளையம். இருபத்தொரு தந்தி. சொன்ன பேச்சு கேக்காத பிள்ளைங்களை வரிசையில நிறுத்துற வேலை, கொஞ்சம் நேரம் ஆகும்.

— பொறுங்க, பொறுங்க. மெதுவாப் பேசுங்க. திரைக்கு அந்தப் பக்கம்தான் மைக் இருக்கு.

— குசுகுசுன்னு பேசத்தான் இந்த லைட் ரூமுக்குக் கூப்பிட்டீங்களா? நான் மேடை ஓரத்துல நிக்கணும் ரிஜிஸ்ட்ரார் சார். பாட்டுக்கு நடுவுல அவர் பேசறதைப் பிள்ளைங்களுக்கு எடுத்துச் சொல்ல பிரெஞ்சு தெரிஞ்ச வேற ஆள் இங்க இல்ல.

— அதுக்காகத்தான் கூப்பிட்டேன். விஷயம் என்னன்னா, அவர் என்ன பேசினாலும் நீங்க நல்லதா நாலு வார்த்தை சொல்லி முடிச்சுடுங்க. நட்பு, அன்பு, இசைக்கு ஏது எல்லை… அந்த மாதிரி.

— ஓஹோ. மொழிபெயர்க்க வேண்டாம், மழுப்பினாப் போதும்.

— உங்களுக்கு எதை எடுத்தாலும் கோணல் பார்வைதான். நிகழ்ச்சி முடியற வரைக்கும் ஹால்ல ஒரு சலசலப்பு இருக்கக் கூடாது. நான் கேக்கறது அவ்வளவுதான்.

— காலையில கெமிஸ்ட்ரி லேப்ல ஒரு பொண்ணு செத்துக் கிடந்திருக்கா. மத்தியானம் கச்சேரி. சலசலப்பு கூடாது.

— ஷ்ஷ்! அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க. பொண்ணு ஆஸ்பத்திரியில இருக்கு. அது பொய் இல்லையே.

— பிணவறையும் ஆஸ்பத்திரிக்குள்ளதானே இருக்கு. பொய்யே இல்ல.

— என்னைக் குத்திக் குத்திப் பேசி என்ன ஆகப்போகுது? எனக்கும் ஒரு பொண்ணு இருக்கு மேடம். காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படல. முதல் வரிசையைப் பாருங்க. தூதரகத்துக்காரங்க, அமைச்சர் ஆபீஸ் ஆளுங்க, நம்ம துணைவேந்தர், அவர் சம்சாரம். இவ்வளவு பேரை உக்கார வெச்சுட்டு, மேற்கு ஆப்பிரிக்காவிலேர்ந்து மூணு விமானம் மாறி வந்த மனுஷனை எழுந்து போங்கன்னு நான் சொல்றதா?

— ஒரு பிள்ளை போயிடுச்சுன்னு சொன்னா அவரே எழுந்து நின்னிருப்பாரு.

— அவர் நிப்பாரு. நம்ம பிள்ளைங்க நிப்பாங்களா? கண்ணாடி ஒண்ணு பாக்கி இருக்காது.

— அந்தப் பயத்துலதான் எல்லா டிபார்ட்மென்ட்டும் கட்டாயம் வந்தாகணும்னு உத்தரவு போட்டீங்களா? போன தடவை ஒரு வயலின்காரர் வந்தப்போ ஹால்ல நாங்க ஈ ஓட்டிக்கிட்டு இருந்தோம். இன்னைக்குப் படிக்கட்டுல கூட இடம் இல்ல. வெளியில ஒரு ஈ காக்கா கிடையாது.

— கலை ஆர்வம் வளரட்டுமே. தப்பா?

— நான் கெமிஸ்ட்ரி கட்டடம் வழியாத்தான் வந்தேன் சார். ஏணி போட்டிருந்துச்சு. ரெண்டு பேர் பழைய எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழட்டிக்கிட்டு இருந்தாங்க. கீழ அட்டைப்பெட்டியில புதுசு.

— மெயின்டனன்ஸ். எப்பவும் நடக்கறதுதான்.

— எப்பவும் நடக்கறதா! அந்த ஃபேன் சுத்தி யார் பார்த்தாங்க? குருவி அதுக்குள்ள கூடு கட்டி, குஞ்சு பொரிச்சு, குடும்பத்தோட காலி பண்ணிட்டுப் போயாச்சுன்னு பிள்ளைங்க சிரிப்பாங்க. இத்தனை நாள் கண்ணுல படாத ஃபேன், ஊரே இங்க அடைஞ்சு கிடக்கிற நேரம் பார்த்துப் படுது.

— பொறுங்க மேடம். ஃபேன் ஓடலன்னு என்கிட்ட ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னதில்ல. என் பொண்ணு மேல சத்தியம் பண்றேன். ஒரு புகார் வந்திருந்தா அடுத்த நாளே மாத்தியிருப்பேன். அந்தப் பொண்ணு யார்கிட்டயும் சொல்லாம விடியக்காலையில தனியா உள்ள போயிருக்கு. புகை வர்ற கெமிக்கலை எல்லாம் திறந்து வெச்சிருக்கு. ஜாக்கிரதையா இருந்திருக்க வேண்டாமா?

— ஆக, போலீஸ் வந்து பார்க்கறப்போ புது ஃபேன் ஜம்முன்னு சுத்தும். தப்பு பூராவும் செத்தவ தலையில. திருப்பிப் பேசப் போறதில்ல பாருங்க, வசதியான ஆள்.

— நாளைக்கே லேபை இழுத்து மூடினா மத்த பிள்ளைங்க படிப்பு என்ன ஆகும்? அதை யோசிச்சீங்களா? போனது போயிடுச்சு. இருக்கிறவங்களையாவது நான் பார்க்க வேண்டாமா?

— அவ என் சாயங்கால பிரெஞ்சு வகுப்புல முன் பெஞ்சு சார். ஒரு இடத்துல உக்கார மாட்டா. ஜன்னல் ஓரம் போவா, கரும்பலகைகிட்ட வருவா, கேள்வியை அங்கேருந்து கேப்பா. அதனாலதான் தும்பின்னு பேரு. வாட்ச்மேன்லேர்ந்து கேன்டீன்காரர் வரைக்கும் தும்பின்னாதான் தெரியும். உங்களுக்கு அவ பதிவு எண்ணாவது தெரியுமா?

— மேடம்…

— இன்னைக்கு இந்த மனுஷனை வரவேற்றுப் பேச வேண்டியவ அவதான். ஹாஸ்டல் மாடியில நின்னு காக்காய்க்கெல்லாம் பிரெஞ்சுல வணக்கம் சொல்லிப் பழகிக்கிட்டு இருந்தா. மத்தியானம் கச்சேரிக்கு ஓடணும்னுதான் லேப் வேலையை விடியக்காலையிலயே முடிக்கப் போனா. நீங்க ஜாக்கிரதை இல்லாத பொண்ணுங்கறீங்க.

— எனக்கு இதெல்லாம் தெரியாது. மன்னிச்சுக்குங்க. நிஜமாத்தான் சொல்றேன்.

— அவ அம்மாகிட்டச் சொல்லுங்க மன்னிப்பை. என்ன சொல்லிக் கூட்டிட்டு வந்தீங்க அவங்களை?

— பொண்ணுக்கு மயக்கம், டாக்டர் பார்க்கறாரு, இப்போ யாரும் உள்ள போக முடியாதுன்னு சொல்லியிருக்கு. நேரா ஆஸ்பத்திரியில விட்டா அங்க அழுகை, கூட்டம், பத்திரிகைக்காரங்க. நிகழ்ச்சி முடிஞ்சதும் நானே பக்கத்துல உக்காந்து பக்குவமா எடுத்துச் சொல்லிக்கிறேன். நான் ஒண்ணும் ராட்சசன் இல்ல.

— அதுவரைக்கும் அவங்க எங்க இருக்கட்டும்னு முடிவு பண்ணீங்க?

— பார்த்திருப்பீங்களே, கிரீன் ரூம்லதான். சோஃபா இருக்கு, ஏசி இருக்கு. வெளியில ஆள் போட்டிருக்கேன், ஒரு பிள்ளையும் உள்ள எட்டிப் பார்க்க முடியாது.

— அவர் இருந்த ரூம்ல.

— அதனால என்ன? அவருக்கு நம்ம பாஷை தெரியாது, அந்தம்மாவுக்கு அவர் பாஷை தெரியாது. ஆளுக்கொரு மூலையில உக்காந்து காபி குடிச்சிருப்பாங்க. இந்தக் கட்டடத்துலயே அதைவிடப் பத்திரமான இடம் எனக்குத் தோணல.

— சார், அவர் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?

— நோட்டீஸ்ல போட்டிருக்கே. பெரிய சுரைக்குடுக்கையைப் பாதியா வெட்டி, தோல் கட்டி, அதுல வாசிக்கிறவரு.

— வாசிக்கறது அவர் பாதி வேலைதான். பேரை ஞாபகம் வெச்சுக்கிற பரம்பரை அவங்களுது. அப்பன், பாட்டன், முப்பாட்டன் எல்லாருக்கும் அதான் தொழில். எந்த இடத்துக்குப் போனாலும், அங்கேருந்து போய்ச் சேர்ந்தவங்க பேரை முதல்ல கேட்டு வாங்கிப் பாடிட்டுத்தான் இருக்கிறவங்களுக்கு வாசிப்பாங்களாம். அவங்க குடும்பத்து வழக்கம். கேக்காம தந்தியில கை வைக்க மாட்டேன்னுட்டாரு.

— கேட்டாரா? யார்கிட்ட கேட்டாரு?

— அங்க இருக்கிறவங்கள்ல யார் வயசுல மூத்தவங்களோ அவங்ககிட்ட.

— ரூம்ல யார் யார் இருந்தீங்க?

— அவர் இருந்தாரு. நான் இருந்தேன். நீங்க பத்திரமா உக்கார வெச்ச அந்தம்மா இருந்தாங்க.

— ஐயோ. நீங்க அதை அவங்களுக்கு எடுத்துச் சொன்னீங்களா?

— கை ரெண்டையும் மடியில வெச்சுக்கிட்டு அவங்க முன்னால தரையில உக்காந்துட்டாரு சார். கேட்டுட்டு என் மூஞ்சியைப் பார்க்கிறாரு. அந்தம்மாவும் பார்க்கறாங்க. ‘உங்க வீட்டுல போனவங்க பேரைச் சொல்லுங்கம்மா, முதல்ல அவங்களுக்குப் பாடுவாராம்’னு சொன்னேன். புருஷன் பேரைச் சொல்லுவாங்க, அதோட முடிஞ்சுடும்னு நினைச்சேன்.

— சொன்னாங்களா?

— புருஷன் பேரைச் சொன்னாங்க. மாமியார் பேரைச் சொன்னாங்க. பிறந்த அன்னைக்கே போன ஒரு ஆண்பிள்ளை, அதுக்குப் பேரே வைக்கலன்னாங்க.

— அப்பாடா. ஒரு நிமிஷம் என் உசுரே போயிடுச்சு.

— நான் இன்னும் முடிக்கல சார்.

— ஷ்ஷ்! ஆரம்பிச்சுட்டாரு. அடடா. என்னவோ நினைச்சேன், தண்ணி சொட்டற மாதிரி நல்லாத்தான் இருக்கு. இது பிரெஞ்சா?

— இல்ல. அவர் தாய்மொழி. எனக்கே ஒரு வார்த்தை தெரியாது.

— நல்லதாப் போச்சு! அப்படியே ஒரு மணி நேரம் ஓட்டட்டும். யாருக்கும் ஒண்ணும் புரியாது.

— நான் மேடையேறி அவர் சொன்னதைச் சொல்றப்போ நீங்க எங்க சார் இருந்தீங்க?

— வெளியில போன்ல இருந்தேன். ஃபேன்காரன் ஸ்க்ரூ பத்தலன்னான். ஏன், என்ன சொன்னீங்க?

— ‘இந்த இடத்துலேர்ந்து போனவங்களுக்கு முதல் பாட்டு. அவங்க பேரைச் சொல்லிக் கும்பிட்டுட்டுத்தான் உங்களுக்கு வாசிப்பேன்.’ அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அப்போ மழுப்பணும்னு தெரியாது எனக்கு.

— சரி விடுங்க. பாஷை புரியாதே.

— பாஷைதான் புரியாது சார். பேரு புரியுமே. கேளுங்க. இப்போ சொன்னாரே, அது அவங்க புருஷன் பேரு. இது மாமியார்… இப்போ பாட்டை நிறுத்திட்டு ஒரே ஒரு தந்தியைத் தட்டறாரு பாருங்க. அது பேர் வைக்காத பிள்ளைக்கு.

— அப்புறம்? அவ்வளவுதானே? முடிஞ்சுதுல்ல?

— கேளுங்க.

— மேடம்… இப்போ என்ன சொன்னாரு? தும்பின்னா சொன்னாரு?

— திரும்பவும் சொல்றாரு.

— மைக்கை நிறுத்துங்க! இந்தப் போர்டுல எது அவர் மைக்? எந்த சுவிட்ச்?

— தெரியாது. தெரிஞ்சாலும் தொட மாட்டேன்.

— இதோ, இதுதான். நிறுத்திட்டேன். நிறுத்திட்டேன்ல? இன்னும் ஏன் கேக்குது?

— ஹால்ல மூச்சு விடற சத்தம் கூட இல்ல சார். இத்தனை பேரும் வாயை மூடிட்டா ஒரு மனுஷன் தொண்டைக்கு மைக் எதுக்கு?

— யாரது எழுந்திரிக்கறது? நடுவுல, அந்தப் பொண்ணுங்க?

— அவ ரூம் பிள்ளைங்க. காலையிலேர்ந்து ‘தும்பியைப் பார்த்தீங்களா மேடம்’னு என்னைக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நானும் தெரியாதுன்னுட்டேன். நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே.

— மொத்த ஹாலும் எழுந்திரிக்குதே! கதவைச் சாத்தச் சொல்லுங்க யாராவது!

— எதுக்கு? கத்தினாங்களா? எதையாவது உடைச்சாங்களா? வாயைத் திறக்காம நடந்து போறாங்க. கெமிஸ்ட்ரி கட்டடத்துப் பக்கம்தான் திரும்பறாங்க. ஏணி மேல நிக்கறவங்க பாவம்.

— எல்லாம் போச்சு. எல்லாத்தையும் பாழ் பண்ணிட்டீங்க. பெத்தவகிட்டப் போய் இப்படியா போட்டு உடைக்கறது? நெஞ்சுல ஈரம் இருக்கா உங்களுக்கு? நிகழ்ச்சி முடிஞ்சதும் நான் பக்குவமாச் சொல்லியிருப்பேன்!

— நான் சொல்லல சார். சொல்லத் தைரியம் இருந்திருந்தா காலையிலயே சொல்லியிருப்பேன். பேர் வைக்காத பிள்ளையைச் சொல்லிட்டு அந்தம்மா காபி டம்ளரைக் கீழ வெச்சாங்க. அப்புறம் அவங்களாத்தான் சொன்னாங்க. ‘தும்பின்னு பாடச் சொல்லுங்க டீச்சரம்மா. நாங்க வெச்ச பேரைக் கூப்பிட்டா அவ திரும்ப மாட்டா’ன்னு. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. நான் அதை அப்படியே அவருக்குப் பிரெஞ்சுல சொன்னேன்.

— அப்போ எவன் சொன்னான்? டிரைவரா? ஆஸ்பத்திரிக்காரனா? எனக்குத் தெரிஞ்சாகணும்!

— அவங்களையே கேளுங்க. உங்க பின்னாலதான் நிக்கறாங்க.

— அம்மா… வாங்கம்மா. இப்படி உக்காருங்க. விஷயம் என்னன்னா… நாங்க முறையாச் சொல்லணும்னுதான்… யாரும்மா உங்ககிட்டச் சொன்னது?

— யாரும் சொல்லல சார். போன மழைக்காலத்துல, அந்த லேப் ரூம்ல புகை வெளிய போக மாட்டேங்குது, பிள்ளைக்குத் தலை சுத்துது, ஃபேனை மட்டும் மாத்திக் குடுங்கன்னு கேக்கறதுக்கு வந்தேன். நாள் பூராவும் உங்க ரூம் கதவுக்கு வெளிய நின்னேன். சாயங்காலம் நீங்க வீட்டுக்குக் கிளம்பறப்போ என்னைத் தாண்டித்தான் போனீங்க. இன்னைக்கு என் வீட்டு வாசல்ல உங்க கார் வந்து நின்னுச்சு. டிரைவர் இறங்கி வந்து கதவைத் திறந்து, ‘ஏறுங்கம்மா’ன்னாரு. அப்பவே தெரிஞ்சுபோச்சு.