சேலை கட்டிக் கறந்த பால்

பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து திரும்பும் பஸ். டிரைவர் கேசட் மாற்றிய இடைவெளியில் முன்சீட்டுக்காரர் பேச்சு காதில் விழுந்தது. மாட்டை விற்றுவிட்டுக் கயிற்றை மட்டும் மடியில் வைத்திருந்தார்.

"என்ற சம்சாரத்து சேலையைக் கட்டிக்கிட்டுத்தானுங்க ஒரு வாரமாப் பால் கறந்தேன். அவ அம்மா ஊட்டுக்குப் போயிட்டா."

பக்கத்தில் இருந்தவர் சிரிக்கவில்லை. "ஆம்பளை கை முரடுங்க. பொம்பளைக்குத்தான் பொறுமை. மாட்டுக்கு அது தெரியும்."

"அதென்னங்க பேச்சு? பால்காரன் ஊடு ஊடாப் போய்க் கறக்கறான். அவன் ஆம்பளை இல்லீங்களா? எங்க மாடே அவனுக்கு விடுமுங்க. எனக்குத்தான் விடாது."

"சேலை கட்டுனா விட்டுச்சுங்களா?"

"விட்டுச்சுங்க. செம்பு நெறைய."

"அப்பறம் ஏனுங்க வித்துப்போட்டீங்க?"

அவர் கயிற்றைச் சுருட்டினார்.

"நேத்துக் காத்தால அவ திரும்பி வந்தா. வந்ததும் வராததுமா மாட்டுக் கழுத்தைக் கட்டிக்கிட்டு, 'எளச்சுப் போயிட்டியே கண்ணு'ங்கறா. நானும் பக்கத்துலதானுங்க நின்னேன், அவ சேலையைக் கட்டிக்கிட்டு. என்னைய ஏன்னுகூடக் கேக்கலீங்க."