மடியில் ஒரு ஹப்

கம்பளை பஸ்ஸில் என் முன் இருக்கையில் ஒரே கந்தோரில் வேலை செய்யும் இரு பெண்கள். பேராதனைச் சோதனைச்சாவடி நெருங்கியது.

"அக்கா, இதைக் குண்டுன்னு நெனச்சிட்டா?" இளையவளின் மடியில் புதுப் பெட்டி.

"ஹப்புன்னு சொல்லு. நாலு கம்பியூட்டரையும் ஒண்ணா இணைக்கும்னு சொல்லு."

"சிங்களத்தில எப்படிக்கா? பறிச்சுக்கிட்டா நாளைக்கு நெட்வேர்க்கே இல்ல!"

"நான் சொல்றேன். பச்சை லைட்டு மினுங்கும்னு மட்டும் உளறிடாத!"

எல்லோரும் இறங்கிப் பைகளைத் திறந்தோம். அக்கா ஒரே மூச்சில் சிங்களத்தில் விளக்கினாள். சிப்பாய் பெட்டியைத் திறந்து, ஹப்பில் வயர் செருகும் துளைகளை விரலால் எண்ணினான்.

"எட்டு போர்ட்டா?" என்றான் சிங்களத்தில். "எங்கள் முகாம் ஹப்பில் நாலுதான்."

பஸ் புறப்பட்டதும் இளையவள் அக்காவின் தோளைப் பிடித்துக் குலுக்கினாள்.

"பாத்தீங்களாக்கா, ஆமிக்காரங்களுத விட நம்மளுது பெருசு!"