நான்காவது ரிம்

பாலில்லாத இந்தத் தே ஓவில் சீனி கொஞ்சம் அதிகம், இன்ஸ்பெக்டர் சார். பரவாயில்லை, மெதுவாகக் குடிக்கிறேன். நான் அவசரப்படும் ஆள் இல்லை. என் தொழிலுக்கு அவசரம் ஆகாது. கார் சக்கரத்தின் பழைய ரிம்முக்குப் புதுப் பெயிண்ட் அடிப்பதென்றால், முதலில் துணியைத் தின்னரில் நனைத்து, உள்பக்கம் ஒரு மூலையில் தேய்த்துப் பார்க்க வேண்டும். பழைய பெயிண்ட் பிசுபிசுத்தால் வெறும் உலோகம் தெரியும்வரை சுரண்டியே ஆக வேண்டும். சோம்பல்பட்டு மேலேயே அடித்தால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் சுருங்கிப் பொங்கி, பாலாடை மாதிரி ஆகிவிடும்.

தனபாலனும் நானும் செங் ஊரில் ஒரே பட்டறையில் பதினெட்டு வருஷம் வேலை செய்தோம். அவன் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் நான். அவன் மனைவி ஜானகி என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு டாக்டருடைய காரின் நாலு ரிம் வந்தன. தேய்த்துப் பார்த்தேன், பிசுபிசுத்தது. சுரண்டாமல் அடிக்காதே என்று தனபாலனிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது அவன் அடித்து முடித்திருந்தான். நாலும் பொங்கிப்போயிருந்தன. யார் அடித்தது என்று முதலாளி கேட்டார். தனபாலன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான், வாயைத் திறக்கவில்லை. நான் அடிக்கவில்லை என்று சொன்னதை யாரும் நம்பவில்லை. அன்றைக்கே என்னை நிறுத்திவிட்டார்கள்.

வயிறு எரிந்தது, சார். வேலை போனதற்காக இல்லை. அவன் அப்படி நின்றானே, அதற்காக.

அப்புறம் வீட்டுக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டுத் தனியாகத் தொழில் செய்தேன். போன மாதம் தனபாலன் தன் பழைய காரோடு வந்து நின்றான்.

"சேகரண்ணே, பழசெல்லாம் மனசுல வெச்சிக்காதீங்க லா. ஒங்கள மாதிரி யாரு ரிம் அடிப்பா?" என்றான். அன்றைக்கு அடித்தது தான்தான் என்று மட்டும் கடைசிவரை அவன் வாயில் வரவில்லை. காரை விட்டுவிட்டுப் போனான்.

மூன்று ரிம்களில் குறை ஒன்றும் இல்லை. நான்காவதைச் சுரண்டியதும், உள்விளிம்பில் முடி கனத்தில் ஒரு விரிசல் தெரிந்தது. விரல் நீளம் இருக்கும். அப்படிப்பட்ட ரிம்மைத் தூக்கிப் போட வேண்டும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். பிரைமர் மூன்று தடவை அடித்தேன். ஒவ்வொரு தடவையும் நன்றாகக் காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்தேன். விரிசல் மறைந்தது. மேலே வெள்ளி நிறம் அடித்து, தனபாலன் உட்காரும் பக்கத்தில் முன்சக்கரமாக நானே மாட்டினேன்.

அன்றைக்கு அவன் எனக்குச் செய்ததைத்தான் நானும் செய்தேன், சார். பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

காரை எடுக்கத் தனபாலனும் ஜானகியும் வந்தார்கள். ஈப்போவில் ஒரு கல்யாணம் என்றார்கள். மறுநாள் காலையில் ஹைவேயில் அந்த ரிம் உடைந்து, கார் இரும்புத் தடுப்பில் மோதியது. அவன் பிழைத்துக்கொண்டான். ஜானகி போய்விட்டாள். எனக்கும் வருத்தம்தான்.

ஆஸ்பத்திரியில் அவன் உங்களிடம் சொன்னது உண்மை. ஜானகி என்னிடம் கேட்டாள். "தூரமா போறோம்ணே, நாலு சக்கரமும் நல்லாருக்கா?" என்றாள். "தைரியமா போயிட்டு வாம்மா" என்றேன்.

ஆனால் கேட்டது அவள், சார். தனபாலன் கேட்கவில்லை. அவனிடம் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.