ஐந்தாவது லெவல்

ஷெர்வின்: தங்கம் கெடைச்சா எனக்கும் ஒரு சிட்டிகை குடுத்துட்டுப் போங்க மேடம். சங்கத்து செக்ரட்டரி பங்கு.

ராதிகா: வெளையாடாதீங்க சார். காலையிலேர்ந்து மழை நிக்கல. மேல் லைன் வீடுங்கள்ல ஏன் இன்னும் ஆளுங்க இருக்காங்க?

ஷெர்வின்: மொதல்ல ஒக்காருங்க. தொப்பலா நனைஞ்சு... இன்னா அது கையில, மண்ணா?

ராதிகா: மேல் லைனுக்குப் பின்னாடி நாலடி தோண்டி எடுத்தது. பாருங்க... உருட்டினா திரி மாதிரி வருது. வளைச்சாலும் உடையல.

ஷெர்வின்: சப்பாத்தி மாவு கணக்கா கீதே.

ராதிகா: களிமண்ணு. அதான் பயமே. இது மேலதான் உங்க சயனைடு மேடு நிக்குது. மேடு பூரா தங்கம் எடுத்துட்டு மில்லு கழிச்ச பொடி. தண்ணி பொடிக்குள்ள சர்ருனு எறங்கும், களிமண்ணுல வந்து நின்னுடும். அப்புறம் மேடே...

ஷெர்வின்: வழுக்கும்.

ராதிகா: வீடுங்க மேல. ஒரு மாசம் குழி குழியாத் தோண்டி அதத்தானே மேப்புல போட்டோம். போன வாரம் உங்க கையில குடுத்தேனே.

ஷெர்வின்: ஒட்டினோமே! நனையாம கவர் போட்டு ஒட்டினோம். லைனே வந்து பாத்துது.

ராதிகா: பாத்துட்டுமா மேல் லைன்ல சமைச்சுக்கினு இருக்காங்க? கீழ் லைன்தான் பூரா பூட்டிக் கெடக்குது. அங்க மண்ணு வரவே வராது.

ஷெர்வின்: நீங்கதானே மேடம் அப்படிப் போட்டீங்க. கீழ் லைன் லெவல் ஒண்ணு, மேல் லைன் லெவல் அஞ்சு.

ராதிகா: ஆமா, அஞ்சு. அஞ்சுன்னா இன்னா நெனச்சீங்க?

ஷெர்வின்: இத்த போயி என்னைக் கேக்கறீங்க. சுரங்கத்துக் கேஜுல எறங்கினா மொதல்ல வர்றது ஒண்ணாவது லெவல். அஞ்சு அதுக்கும் கீழ, எங்கியோ ஆழத்துல. எங்கப்பா முப்பது வருஷம் எறங்கினவரு. ஒண்ணுல ஆபத்துன்னா காலுக்கடியில. அஞ்சுலன்னா... சுரங்கத்த மூடினப்புறம் அங்க வெறும் தண்ணி. மேல தூங்கறவனுக்கு இன்னா?

ராதிகா: அய்யோ.

ஷெர்வின்: இன்னா அய்யோ?

ராதிகா: அது ஆழம் இல்ல சார். ஆபத்து எவ்ளோன்னு. ஒண்ணு ரொம்பக் கம்மி. அஞ்சுக்கு மேல நம்பரே கெடையாது.

ஷெர்வின்: எந்த ஊர்ல அப்படி?

ராதிகா: எங்க பேத்தமங்களாவுல ஏரித் தண்ணிக்கு லெவல் சொல்லுவாங்க. நம்பர் ஏற ஏறத்தான் பயம். அதே நெனப்புல...

ஷெர்வின்: இது கே.ஜி.எஃப். மேடம். இங்க நம்பர் ஏறினா மனுஷன் எறங்கறான். வாங்க, வண்டியில ஏறுங்க.

ராதிகா: மொதல்ல மைக்குல சொல்லிடலாமே.

ஷெர்வின்: கரண்ட் இல்ல. ஏறுங்கன்றேன்ல!

ராதிகா: மெதுவா... மெதுவாப் போங்க, ரோடு தெரியல. கீழ் லைன் ஜனங்க பஸ் புடிச்சு எங்கியாவது...?

ஷெர்வின்: இல்ல.

ராதிகா: பின்ன?

ஷெர்வின்: மேல் லைன்ல சொந்தக்காரங்க கீறாங்க.

ராதிகா: எத்தினி பேரு?

ஷெர்வின்: பதினோரு குடும்பம்.

ராதிகா: பாதுகாப்பான வீட்ட விட்டுட்டு... மேட்டுக்கு அடியிலயா? யாரு சார் போகச் சொன்னது?

ஷெர்வின்: ஜனங்களே பேசி முடிவு பண்ணிக்கினாங்க. நீங்க ஏன் லெவல்னு போட்டீங்க? சிவப்புக் கலர் அடிச்சிருந்தா கொழந்தைக்குக் கூடப் புரியுமே.

ராதிகா: அது... ஆபீஸ்ல முடிவு பண்ணாங்க.

ஷெர்வின்: ஆபீஸ்ல எவனும் ஷாஃப்ட்டுக் குழிய எட்டிப் பாத்ததில்லியா? எம் பாக்கெட்ல போன் கீது, எடுங்க. வின்னின்னு ஒரு நம்பர். அடிங்க.

ராதிகா: வின்னி யாரு?

ஷெர்வின்: அடிங்க மேடம்.

ராதிகா: ஸ்விட்ச் ஆஃப்னு வருது.

ஷெர்வின்: மறுபடி.

ராதிகா: அதேதான். நேரா பாத்து ஓட்டுங்க சார்.

ஷெர்வின்: மேட்டுல விரிசல் கிரிசல் பாத்தீங்களா?

ராதிகா: இருந்துது. சின்னதா.

ஷெர்வின்: எவ்ளோ சின்னது?

ராதிகா: காலையில விரல் போச்சு.

ஷெர்வின்: இப்ப?

ராதிகா: இப்ப... முழங்கை வரைக்கும் போவுது.

ஷெர்வின்: கர்த்தரே. தோ, மேல் லைன் வந்துடுச்சு, எறங்குங்க. நான் இந்தக் கோடியிலேர்ந்து தட்டிக்கினு வரேன். நீங்க அந்தக் கோடிக்கு ஓடுங்க, பச்சைக் கதவு, கடைசி வீடு. எல்லாரையும் சர்ச் ஹாலுக்கு எறக்கிடுங்க. சாமான் எதுவும் எடுக்க வாணாம்னு சொல்லுங்க.

ராதிகா: சார்... ஒரு நிமிஷம். ஆபீஸ் இல்ல சார். மேப்புல மொதல்ல சிவப்புதான் இருந்துது. ஜனங்க பயந்து அலறுவாங்கன்னு நான்தான் அத அழிச்சு லெவல்னு எழுதினேன்.

ஷெர்வின்: அப்புறம் பேசலாம். ஓடுங்க.

ராதிகா: கிட்ட இருக்கற வீட்டயெல்லாம் விட்டுட்டு ஏன் சார் அந்தக் கோடி? அங்க யாரு?

ஷெர்வின்: எம் பொண்டாட்டி, வின்னி. ஒம்பது மாசம், ஓட முடியாது அவளால. மேல போங்க மேல போங்கன்னு மைக்குல கத்தினவன் நான்தான் மேடம்... அதுக்கு முன்னாடியே அவளக் கொண்டாந்து, அங்கதான் ரொம்பப் பத்திரம்னு நெனச்சு மேட்டுக்கு ரொம்பக் கிட்ட கீற வீடாப் பாத்து விட்டுட்டுப் போனேன்.