அஞ்சு ரவுண்டு

நெடுங்காட்டிலிருந்து காரைக்கால் போகிற பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஓர் அக்காவும் தங்கையும். வீட்டில் நெட் நிற்காததால் காரைக்காலில் சித்தி வீட்டுக்குப் போகிறார்கள். தங்கை மடியில் நோட்டை விரித்து முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

"இன்டர்வியூவுக்குப் படிக்கிற மாதிரி படிக்கிறியே, கம்பெனி மாறப்போறியாடி?"

"இல்லக்கா. எல்லாம் மறந்துபோச்சு."

"அஞ்சு ரவுண்டு வச்சு உன்னை வறுத்தெடுத்தாங்களே, அதையா?"

"அதேதான். வேலையில சேந்து மூணு வருஷமாச்சு, அதுல ஒண்ணுகூடத் தேவைப்படல."

"அப்புறம் இப்ப எதுக்கு அதையே படிக்கிற?"

தங்கை நோட்டை மூடினாள். "பதினோரு மணிக்கு ஒரு பொண்ணு ஆன்லைன்ல வருது. இன்டர்வியூ எடுக்கிறதே நான்தான்."

அக்கா சிரித்துவிட்டாள். "கேள்வி கேக்குறவளுக்கு என்னடி பயம்?"

"அந்தப் பொண்ணு சொல்றது சரியா தப்பான்னு எனக்குத் தெரியணும்லக்கா."

அக்கா நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"தெரியாததை ஏன் கேக்குற? நீ தினம் பாக்குற வேலையப் பத்திக் கேளேன்."

தங்கை மறுபடி நோட்டைத் திறந்தாள்.

"அதைக் கேட்டா எல்லாரும் பாஸாயிடுவாங்கக்கா."